கோபன்ஹேகனில் நான்கு நாள்கள்

பெங்களூரு விவேக் நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றிற்கு மே மாத இறுதியில் ஒரு வார விடுமுறை கிடைக்கிறது என்று கொள்வோம். டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய மூன்றும் ஸ்காண்டிநேவிய நாடுகள் எனப்படும். மூன்றன் தலைநகரங்களையும் ஒரே வாரத்தில் பார்க்கப் புறப்படுவோர் நிலையங்களையும் பெட்டிகளையுமே மிகுதியாகக் காண்பர். குறுகிய பயணத்திற்கு ஒரு நகரமே போதும். தமிழருக்கு அது கோபன்ஹேகனாக இருப்பது பொருத்தம்.

முதற்பணி விமானச் சீட்டு வாங்குவதன்று, விசா பெறுவதே. டென்மார்க் ஷெங்கன் நாடுகளுள் ஒன்று. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பதினைந்து நாள்கள் வரை காத்திருத்தல் கூடாது. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. விசா கைக்கு வருமுன் விலை குறைவென்று மாற்ற இயலாத சீட்டை வாங்கியவர் அப்பணத்தையும் இழப்பார். காப்பீட்டை யூரோவில் கணக்கிட்டாலும், டென்மார்க்கில் வழங்கும் நாணயம் குரோனே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து எண்ண வேண்டியது பகல்பொழுது. பெங்களூருவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. ஆதலின் நம்மவர் இதனைக் கருதுவதில்லை. கோபன்ஹேகனில் டிசம்பர் இறுதியில் பகல் ஏழு மணி நேரம் மட்டுமே. மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். மே இறுதியிலோ பகல் ஏறத்தாழப் பதினேழு மணி நேரம் நீளும். ஆகவே டிசம்பரின் நான்கு நாள்களில் கிடைக்கும் வெளிச்சத்தைவிட மே மாதத்தின் இரண்டு நாள்களில் கிடைப்பது மிகுதி. எனினும் கடற்காற்று குளிர்ந்திருக்கும். கம்பளிச் சட்டை ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

நகரில் எதனைப் பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்க முயல்வதைவிட ஒரு மன்னரின் சுவட்டைப் பின்பற்றிச் செல்லலாம். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில், 1618இல் ஓவே கியெட்டே என்பவரின் தலைமையில் கப்பல்கள் கோபன்ஹேகனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. நாயக்கர் அம்மன்னருக்குப் பொன் ஏட்டில் தமிழில் அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில், டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினர்.

அதே மன்னர் கட்டிய ரோசன்போர்க் மாளிகையில் இப்போது அரச அணிகலன்கள் காட்சிக்கு உள்ளன. அதிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் 1642இல் நிறைவுற்ற வட்டக் கோபுரம் நிற்கிறது. ஏறத்தாழ 35 மீட்டர் உயரம். ஆயினும் உச்சியை நெருங்கும்வரை படிகள் இல்லை, சுழன்றேறும் சாய்தளமே உண்டு. மெல்ல நடக்கும் பாட்டியும் நின்று நின்று ஏறலாம். கால்வாய்கள் சூழ்ந்த கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் பகுதியும் அவர் உருவாக்கியதே. அங்கே ஆசியச் சதுக்கம் என்று பொருள்படும் பெயருடைய கரையில் பழைய ஆசிய வணிகக் குழுமத்தின் கட்டடம் உள்ளது. இவற்றிற்கு இரண்டு நாள்கள் போதும்.

மூன்றாம் நாளைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கலாம். 1843இல் திறக்கப்பட்ட டிவோலி பூங்கா நகர நடுவிலேயே உள்ளது. நான்காம் நாள், 2000இல் திறக்கப்பட்ட ஓரெசுண்ட் பாலத்தின் வழியாகத் தொடர்வண்டியில் சுவீடனின் மால்மோ நகருக்குச் சென்று மாலையில் திரும்பலாம். ஷெங்கன் விசா ஒன்றே இரு நாடுகளுக்கும் பொருந்தும். ஆயினும் கடவுச்சீட்டை விடுதியில் வைத்துவிட்டுச் செல்லலாகாது.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ பதினைந்து நிமிடங்களில் நகரின் நடுப்பகுதியை அடையும். குழாய்நீரைக் குடிக்கலாம், வெறும் புட்டி ஒன்று கையிலிருந்தால் செலவு குறையும். சாலையைக் கடக்கும்போது மகிழுந்தைவிட மிதிவண்டியையே உற்றுநோக்க வேண்டும். அவற்றிற்கெனத் தனிப்பாதை உண்டு, அதில் நின்று படம் எடுப்போரை அந்நகரத்தார் விரும்புவதில்லை.

விசாவிற்காகக் காத்திருக்கும் வாரங்களில் அக்குடும்பம் தரங்கம்பாடிக்கும் ஒருமுறை சென்று வரலாம். மயிலாடுதுறை வரை தொடர்வண்டியும் அங்கிருந்து பேருந்தும் உண்டு. கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் நிற்கிறது.