சாவி திரும்பும் காலத்திலேயே

மோட்டார் காரின் உறுப்புகளில் பெரும்பாலானவை பழுதான பிறகு ஆற அமரக் கழற்றி மாற்றத்தக்கவை. ஆனால் 1976 முதல் 1985 வரை மேற்கு ஜெர்மனியில் சுமார் 27 லட்சம் உற்பத்தியாகி, டாக்ஸிக்காரர்களின் அபிமானத்தைப் பெற்ற மெர்ஸிடிஸ் பென்ஸ் டபிள்யூ 123 ரகக் கார்களின் இக்னிஷன் பூட்டில், சாவி நுழையும் உருளை மட்டும் இவ்விதிக்கு விலக்காகும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதை மாற்றிவிட வேண்டும்.

அவ்வுருளையினுள் மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்து, நுண்ணிய ஸ்பிரிங்குகளின் விசையால் வெளியே துருத்தி, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் பிடித்து நிற்கின்றன. சாவியை நுழைத்த மாத்திரத்தில், அதன் வெட்டுகளின் ஏற்ற இறக்கத்துக்கு இணங்க அவை அனைத்தும் ஏககாலத்தில் உள்ளடங்க, உருளை சுழல்கிறது. ஒரே ஒரு தகடு மயிரிழையளவு துருத்தி நின்றாலும் சுழற்சி தடைப்படும்.

வருஷக்கணக்கான உபயோகத்தில் சாவியும் தேய்கிறது, தகடுகளும் தேய்கின்றன. போதாக்குறைக்கு, வீட்டுச் சாவி, பீரோ சாவி என்று ஒரு கொத்தையே அதில் தொங்கவிட்டு, ஓட்டத்தின் அதிர்ச்சியில் ஊசலாட விடும் வழக்கம் வேறு. சாவியைச் சற்று ஆட்டி அசைத்தால்தான் திரும்பும் என்ற நிலை வந்தபின் அந்த எச்சரிக்கையைச் சில்லறைத் தொந்தரவாகப் பாவித்து நாட்களைக் கடத்துவது, என் அபிப்பிராயத்தில், சிக்கனமே அல்ல.

ஏனெனில், சாவியை முதல் நிலைக்குத் திருப்பிய பிறகுதான், அதை ஒட்டிய சிறு இடுக்கில் முனை தீட்டிய எஃகுக் கம்பியைச் செலுத்தி உட்பிடியை விலக்கவும், உருளையைக் காக்கும் கறுப்பு வளையத்தை மறை திருகிக் கழற்றவும், பின் உருளையைச் சாவியோடு வெளியே இழுக்கவும் இயலும். சாவி திரும்ப மறுத்த நாளிலோ, திருடனை உத்தேசித்துக் கடினமாக்கிய அந்த எஃகு வளையம் உடைமையாளருக்கும் அசைந்து கொடுப்பதில்லை. ஸ்டியரிங்கும் பூட்டிக்கிடப்பதால் வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிச் செல்லவும் வகையின்றி, நின்ற இடத்திலேயே துளையிட்டு உடைக்க நேரிடுகிறது.

தேய்ந்த சாவிக்கு நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். சேஸிஸ் எண்ணையும் உரிமைப் பத்திரத்தையும் காட்டி, ஆலைப் பதிவின்படி அமைத்த உருளையைத் தருவித்துக்கொண்டால், கதவுகளுக்கும் அதே சாவி பொருந்தும். பொருத்துவதற்கு ஆகும் நேரமோ சில நிமிஷங்களே.