காத்திருக்கும் இயந்திரங்கள்

கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடை ஒன்றில் எந்த இயந்திரம் மிக முக்கியமானது? முதல்முறை அங்கே போகிறவர் கேஸ் டர்பைனைத்தான் காட்டுவார். பக்கத்தில் நிற்பவரின் பேச்சு காதில் விழாத இரைச்சல், விலையோ கோடிகளில், அது நின்றால் மேடையே இருண்டுவிடும். அனுபவமுள்ள பராமரிப்புப் பொறியாளரைக் கேட்டால், குழாயின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சேஃப்டி வால்வைக் காட்டக்கூடும். வருடக்கணக்கில் அது அசைந்ததே இல்லை. அசையாமல் இருப்பதுதான் அவருடைய கவலையும்.

ஒரு பெரிய மேடையில் பம்ப், வால்வு, அழுத்தமானி, கேஸ் டிடெக்டர் என்று எண் கொடுத்துப் பதிவு செய்த உருப்படிகள் பல்லாயிரம் இருக்கும். பார்த்துக்கொள்ளும் ஆட்களோ மிகக் குறைவு. படுக்கைகள் எத்தனையோ அத்தனை பேரைத்தான் அங்கே தங்கவைக்க முடியும். உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும், ஆள் ஹெலிகாப்டரில் வர வேண்டும், இரண்டுக்கும் வானிலை இடம்கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவு கவனிப்பது நடக்காத காரியம். அதனால் ஒவ்வோர் உருப்படியையும் எடுத்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்: இது பழுதானால் உயிருக்கு ஆபத்து உண்டா? கடலில் எண்ணெய் கலக்குமா? உற்பத்தி எவ்வளவு நேரம் நிற்கும்? மாற்று தயாராக இருக்கிறதா? கிடைக்கும் விடைகளை வைத்துத் தரம் பிரிப்பதைத்தான் இத்துறையில் கிரிட்டிக்காலிட்டி என்கிறார்கள். நார்வேயில் இதற்கென்றே நார்சோக் இசட்-008 என்று ஒரு தரநிலை இருக்கிறது.

இந்தக் கேள்விகளைப் போடத் தொடங்கியதும் பெரியது சிறியது என்ற நம் கணிப்பெல்லாம் தலைகீழாகிவிடுகிறது. 1980 மார்ச் 27 அன்று வடகடலின் நார்வேப் பகுதியில் அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. தொழிலாளர்கள் தங்குவதற்காக நிறுத்தியிருந்த மேடை அது. 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். விசாரணை போய் முடிந்த இடம் ஒரு 6 மில்லிமீட்டர் வெல்டிங். மேடையின் காலைத் தாங்கிய குறுக்குக் குழாயில், நீருக்கடியில் ஒலி கேட்கும் ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்காக ஒரு பிடிமானத்தைப் பற்றவைத்திருந்தார்கள். அந்தப் பற்றவைப்பில் இருந்த விரிசல் அலைக்கு அலை வளர்ந்து, தாங்கு குழாயை அறுத்து, கடைசியில் மேடையின் ஒரு காலையே பிடுங்கிவிட்டது. கருவி முக்கியமில்லாததுதான். அது ஒட்டியிருந்த இடம் அப்படியல்ல.

பழுதுகளில் இரண்டு வகை உண்டு. நம் வீட்டு பிரஷர் குக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் வெயிட் தினமும் விசிலடிக்கிறது. ஒருநாள் அடிக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு அப்படியில்லை. வெயிட் அடைத்துக்கொள்ளும் நாளில் உருகி வழிவிடுவது மட்டுமே அதன் வேலை. அது கெட்டுப்போயிருந்தாலும் சாம்பார் வழக்கம்போல வெந்துகொண்டுதான் இருக்கும். இந்த இரண்டாம் வகையை மறைபழுது என்று சொல்லலாம். தீயணைப்பு பம்ப், கேஸ் டிடெக்டர், அவசரகால அடைப்பு வால்வு, கிணற்றின் தலையை மூடும் சாதனம் என்று எண்ணெய் மேடையில் உயிர்காக்கும் கருவிகள் பெரும்பாலும் இந்த வகைதான். அழைக்கும்வரை அவை உயிரோடு இருக்கின்றனவா என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் கணக்குப் போட முடியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். ஒரு வால்வு சராசரியாகப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை சத்தமில்லாமல் செத்துப்போகும் என்று வையுங்கள். அதை ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறோம். எப்போது செத்தாலும் அடுத்த சோதனைவரை, அதாவது சராசரியாக ஆறு மாதம், அது செத்தபடியே கிடக்கும். பத்து ஆண்டில் ஆறு மாதம் என்றால் ஏறத்தாழ 5 சதவீதம். ஆபத்து வரும் நாளில் அந்த வால்வு இல்லாமல் போகும் வாய்ப்பு இருபதில் ஒன்று. செலவைக் குறைக்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் பத்தில் ஒன்று. வால்வின் உலோகம் மாறவில்லை, வயது மாறவில்லை. நாம் போய்க் கேட்கும் இடைவெளி மட்டும் மாறி, ஆபத்து இரட்டிப்பாகிவிட்டது. ஒரு சோதனையைத் தள்ளிப்போடுவது என்பது இதுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் அடிக்கடி பிரித்துப் பார்த்துவிட்டால் போதாதா என்று தோன்றும். போதாது என்பதை விமானத்துறை முதலில் கண்டுகொண்டது. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நவ்லானும் ஹீப்பும் 1978-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்த அறிக்கையின்படி, அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளில் 11 சதவீதம்தான் வயதாக ஆக அதிகம் பழுதாகும் வகை. எஞ்சிய 89 சதவீத உறுப்புகளில், இத்தனை மணி நேரம் ஓடினால் பிரித்து மாற்று என்ற விதியால் பயனில்லை. பலவற்றில் பொருத்திய புதிதில்தான் பழுது அதிகம். நன்றாக ஓடுவதைப் பிரிப்பதே ஓர் ஆபத்து. வடகடல் மேடைகளின் பராமரிப்பிலும் பின்னாளில் இந்தச் சிந்தனை வேரூன்றியது.

பிரித்து வைத்ததால் வந்த கேட்டுக்கும், காத்திருந்த கருவி எழாமல் போன கேட்டுக்கும் ஒரே இரவு சாட்சி. 1988 ஜூலை 6. ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்கு வடகிழக்கே சுமார் 190 கிலோமீட்டர் தொலைவில் பைப்பர் ஆல்ஃபா மேடை. எரிவாயுவிலிருந்து பிரியும் கண்டன்சேட் என்ற திரவத்தைத் தள்ள அங்கே ஏ, பி என இரண்டு பம்புகள். ஏ பம்பை ஓவர்ஹாலுக்காக நிறுத்தியிருந்தார்கள். அதோடு இணைந்த சேஃப்டி வால்வையும் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். பகல் ஷிப்ட் முடிவதற்குள் அதைத் திரும்பப் பூட்ட முடியவில்லை. குழாயின் வாயில் ஒரு தட்டை மட்டும் வைத்து மூடினார்கள். பம்பு வேலைக்கு ஒரு பெர்மிட், அதாவது அனுமதிச் சீட்டு; வால்வு வேலைக்குத் தனிப் பெர்மிட்.

இரவு பத்து மணி நெருங்கும்போது பி பம்ப் நின்றது, மீண்டும் ஓட மறுத்தது. இரண்டும் இல்லாவிட்டால் எரிவாயு நிற்கும், அதில் ஓடும் ஜெனரேட்டரும் நிற்கும். இரவு ஷிப்ட் ஆட்கள் கையில் கிடைத்த பெர்மிட்டைப் பார்த்தார்கள். ஏ பம்பில் ஓவர்ஹால் இன்னும் தொடங்கவில்லை. ஆகவே ஓட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். வால்வு கழற்றப்பட்ட செய்தி அவர்களுக்கு வந்து சேரவில்லை. வால்வு இருந்த இடமும் பம்பின் அருகே நிற்பவர் கண்ணில் படாத உயரம். ஏ பம்பை இயக்கியதும் அந்தத் தட்டின் விளிம்பில் கசிந்த வாயுதான் சுமார் பத்து மணிக்கு வெடித்திருக்க வேண்டும் என்பது லார்ட் கல்லன் நடத்திய விசாரணையின் முடிவு.

அதற்குப் பிறகாவது தீயணைப்பு பம்புகள் தாமாக எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. கடலுக்கடியில் வேலை செய்யும் மூழ்காளர்களை உறிஞ்சிவிடக் கூடாது என்று அவற்றைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றியிருந்தார்கள். பக்கத்துக் கிளேமோர் மேடையில், மூழ்காளர் உறிஞ்சுவாய்க்கு அருகே போகும்போது மட்டுமே அப்படிச் செய்வார்கள். பைப்பரில் அவர்கள் கடலில் எங்கே இருந்தாலும் மாற்றிவிடுவது வழக்கம். தீக்கு நடுவே பம்புகளை நெருங்க யாராலும் முடியவில்லை. ஒன்று போனால் இன்னொன்று என்றுதான் இரண்டு பம்ப் வைக்கிறோம். இரண்டையும் ஒரே வழக்கம் முடக்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். பம்ப் ஓடியிருந்தாலும் நீர் முழுதாகப் பொழிந்திருக்காது. உப்புநீர் அரித்த துருவால் தெளிப்பான் துளைகள் பல அடைபட்டிருந்தன. சுமார் 10.20-க்கு டார்ட்டன் மேடையிலிருந்து வரும் எரிவாயுக் குழாய் வெடித்தது. 61 பேர் பிழைத்தார்கள். மீட்கப் போன இருவரையும் சேர்த்து 167 பேர் இறந்தார்கள்.

அந்தத் துளை அடைப்பு யாருக்கும் தெரியாத ரகசியமல்ல என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது. அது தெரிந்த குறை. சரிசெய்யும் வேலை வரிசையில் காத்திருந்தது.

1990-ல் வந்த கல்லன் அறிக்கையின் 106 பரிந்துரைகளும் ஏற்கப்பட்டன. தன் மேடை பாதுகாப்பானது என்பதை நிறுவனமே காரணங்களோடு நிறுவ வேண்டும் என்று பிரிட்டன் 1992-ல் விதி செய்தது. பிறகு, உயிர்காக்கும் கருவிகளைத் தனியாகப் பட்டியலிட்டு, நிறுவனத்தைச் சாராத ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதும் சட்டமானது.

மும்பை ஹையிலோ வளைகுடாவிலோ வேலைக்குப் போகும் இளம் பொறியாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேடையில் கால் வைத்த முதல் வாரத்திலேயே உயிர்காக்கும் கருவிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தெந்தச் சோதனை தவணை தவறியிருக்கிறது, எத்தனை முறை தள்ளிப்போயிருக்கிறது, யார் கையெழுத்திட்டுத் தள்ளினார்கள் என்று பாருங்கள். பதில் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.