காக்காய்ப்பொன் பொறுக்குவோர்: சரக்குக்கு ரசீது, உழைப்புக்குக் குற்றப்பெயர்

ஜார்க்கண்டின் அப்பிரகத் தொழிலாளர்களின் நிலையை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மக்களுக்கு விளக்க இரண்டு உள்ளூர்ச் செய்திகள் போதும். மேற்கே, அய்யனார் கோவில் பகுதியிலும் செண்பகத்தோப்பிலும் வாழும் பளியர்கள் காட்டிலிருந்து தேன் எடுத்து வாழ்கிறார்கள். கிழக்கே, சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் சிலவற்றில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவர் வேலை வாங்குகிறார். காட்டை நம்பிய பிழைப்பு, முதலாளி யாரென்று சொல்ல முடியாத ஆபத்தான வேலை ஆகிய இரண்டும் கோடர்மா, கிரிடி மாவட்டங்களில் ஒரே குழிக்குள் இருக்கின்றன.

அப்பிரகம் என்பது நம் ஊர்ப் பேச்சில் காக்காய்ப்பொன். மின்காப்புப் பொருளாகவும், கார் வண்ணப்பூச்சிலும், அழகுசாதனங்களிலும் பயன்படுவது. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே கோடர்மாவிலிருந்து வெளிநாடுகளுக்குச் சென்றது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், ஒன்றிய அரசின் அனுமதியின்றிக் காட்டு நிலத்தைப் பிற பயன்பாட்டுக்குத் தரக்கூடாது என்றது. செயற்கை மாற்றுப் பொருள்களும் வந்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் மண்ணில் அப்பிரகம் இருந்தது, வாங்குபவர்களும் இருந்தார்கள். நிலமற்ற தலித் குடும்பங்களும் ஆதிவாசிக் குடும்பங்களும் சுத்தியலும் கூடையுமாகக் கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குத் திரும்பிச் சென்றன. அவர்கள் பொறுக்கும் உடைசலுக்கு அங்கே ‘டிப்ரா’ என்று பெயர். விளைநிலம் வைத்திருந்தவர்கள் குழிக்குள் இறங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார் இறங்குவது என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை, சாதி தீர்மானித்தது.

பளியர் எடுக்கும் தேனுக்கும் டிப்ராவுக்கும் உள்ள வேறுபாட்டை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் காணலாம். தேன், மெழுகு, மூங்கில், பீடி இலை போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைக் காட்டில் வாழ்வோருக்கு அச்சட்டம் அளிக்கிறது. அந்த உரிமையைப் பெற அலுவலகங்களுக்கு அலைய வேண்டியிருப்பது வேறு கதை. தாளிலாவது அது இருக்கிறது. சிறு வனப் பொருள் என்றால் தாவர வழி வந்தது என்பது அச்சட்டத்தின் வரையறை. ஆகவே அதே காட்டில், அதே கைகள் பொறுக்கும் கல் திருட்டுப் பொருளாகிவிடுகிறது.

இந்தக் குற்றப்பெயரும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பொறுக்கியவரிடம் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்து வாங்கும் தரகரிடமிருந்து கிடங்குக்கும், அங்கிருந்து ஏற்றுமதியாளருக்கும் சரக்கு நகர்கிறது. துறைமுகத்தை அடையும்போது அதற்குரிய தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. குற்றம் குழிக்கருகில் நின்றவரோடு தங்கிவிடுகிறது.

மரணம் நேரும்போதுதான் இதன் முழுக்கொடுமை தெரியும். 2016-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை நடத்திய புலனாய்வில், இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகள் அப்பிரகக் குழிகளில் இறந்ததும், அம்மரணங்கள் மறைக்கப்பட்டதும் வெளிவந்தன. புகார் கொடுத்தால் தாமே சட்டவிரோதச் சுரங்கத்தில் இருந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும். இழப்பீட்டுச் சட்டம் முதலாளி எங்கே என்று கேட்கும். காட்டுவதற்கு யாரும் இல்லை. சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் 2021 பிப்ரவரி 12 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. உள்குத்தகைக்குப் பின்னால் உரிமதாரர் என்று ஒரு பெயராவது ஆவணத்தில் இருந்தது. கோடர்மாவின் குழிக்கு அதுவும் இல்லை.

அந்தப் புலனாய்வுக்குப் பிறகு உலகம் பதறியது. 2017-இல் அழகுசாதன, வண்ணப்பூச்சு நிறுவனங்கள் இணைந்து பாரிசில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வு, அப்பிரகப் பகுதிகளில் 6 முதல் 14 வயது வரையிலான 4,500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதில்லை என்றது. குழந்தைகளைக் குழியிலிருந்து மீட்க வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் பெற்றோரின் கூலி பற்றிய பேச்சு அதே அளவுக்கு எழவில்லை. தாயின் ஒரு நாள் வருமானம் அரிசிக்கே போதாத வீட்டில், குழந்தையின் கூடையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ‘இந்திய அப்பிரகமே வேண்டாம்’ என்று ஒரு நிறுவனம் விலகினால் அதன் பெயர் காப்பாற்றப்படும்; தரகர் கொடுக்கும் விலையோ மேலும் குறையும்.

செய்யக்கூடியவை சட்டத்திலேயே இருக்கின்றன. 2015 பிப்ரவரியில் சிறு கனிமமாக அறிவிக்கப்பட்ட அப்பிரகம், 2025 பிப்ரவரி வரை அந்தப் பட்டியலில் இருந்தது. குத்தகை விதிகளை வகுக்கும் அதிகாரம் அக்காலத்தில் மாநில அரசிடம் இருந்தது. பொறுக்குவோரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே பழைய குவியல்களைக் குத்தகைக்கு விட அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியிருக்கலாம். 2015-இல் சட்டத்திருத்தத்தின் வழி வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கானது. நுரையீரலில் தூசி படிந்தவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டமோ, கனிமம் எடுக்கத் தோண்டப்பட்ட எந்த அகழ்வையும் சுரங்கம் என்றே வரையறுத்தது. அதற்கு உரிமம் உண்டா என்று அந்த வரையறை கேட்கவில்லை. அப்படியிருக்க, ‘அது சுரங்கமே அல்ல’ என்று சொல்லி மரணத்தைப் பதிவு செய்ய மறுக்க எந்த அதிகாரிக்கும் இடமில்லை.