கார் தொழிற்சாலைக்கு வழிகாட்டிய கடை

கடையில் துவரம் பருப்பு மூட்டை பாதியாகும்போதே மொத்த வியாபாரிக்குச் சீட்டு அனுப்பி விடுகிறோம். கார் தொழிற்சாலையும் இப்படித்தான் நடக்கிறது என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும்.

கார் நான்கு கட்டங்களில் உருவாகிறது. முதலில், சுருளாக வரும் எஃகுத் தகட்டை வெட்டி, அச்சில் அழுத்தி, கதவு, கூரை, தரை எனப் பாகங்களாக்குகிறார்கள். இரண்டாவதாக, இயந்திரக் கைகள் அவற்றை ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வெல்டிங் செய்து கூடாக்குகின்றன. மூன்றாவது பெயிண்ட். கூட்டைக் கழுவி, மின்சாரம் பாயும் பெயிண்ட் தொட்டியில் முழுவதுமாக முக்கி எடுக்கிறார்கள். துருவைத் தடுப்பது இந்தப் பூச்சுதான். அதைச் சூட்டில் உலர்த்திய பிறகே மேல் வண்ணம் அடிக்கிறார்கள்.

நான்காவது, பாகங்களைப் பூட்டுவது. கூடு நகர்ந்துகொண்டே வரும். தொழிலாளர் நின்ற இடத்தில் வேலை செய்வார். ஹென்றி ஃபோர்டு 1913-ல் இம்முறையைக் கொண்டு வந்தபின், 12½ மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை சுமார் 1½ மணி நேரமாகக் குறைந்தது. ஒயரிங், கண்ணாடி, எஞ்சின், இருக்கை, சக்கரம் எல்லாம் ஏறியபின் பிரேக், விளக்கு ஆகியவற்றைச் சோதித்து, தண்ணீரைப் பீய்ச்சி ஒழுக்கும் பார்க்கிறார்கள்.

திருகாணி வரை எண்ணினால் ஒரு காருக்குச் சுமார் 30,000 பாகங்கள். அத்தனையும் குவித்து வைத்தால் கைமுதல் முடங்கிப் போகும். இதற்கு வழி கண்டவர் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்துப் பொறியாளர் டாயிச்சி ஓனோ. அவர் பின்பற்றியது அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளின் வழியை. வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அங்கே அடுக்கு மறுபடி நிரப்பப்படும். 1953-ல் அதையே தம் பட்டறையில் நடைமுறைப்படுத்தினார். பெட்டியிலுள்ள பாகம் செலவானால் அதன் அட்டை திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டி வரும். இந்த அட்டைக்குப் பெயர் கான்பான்.

இதில் ஆபத்தும் உண்டு. 1997 பிப்ரவரி 1-ல் பிரேக் வால்வு தயாரித்து வந்த ஐசின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அந்த வால்வுக்குப் பெரும்பாலும் அந்த ஓரிடத்தையே டொயோட்டா நம்பியிருந்தது. கையிருப்போ மிகக் குறைவு. ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே சில நாட்கள் நின்றன. மற்ற சப்ளையர்கள் கைகொடுத்து அந்த வால்வைச் செய்து தந்த பிறகே வேலை மீண்டும் தொடங்கியது.

நமக்கும் பாடம் இதுதான். நாலு இடத்தில் கிடைக்கும் சரக்கை விற்க விற்க வாங்கலாம்; ஒரே இடத்திலிருந்து வரும் சரக்குக்குக் கொஞ்சம் கூடுதல் இருப்பும், கைகொடுக்க இன்னொரு வியாபாரியும் அவசியம்.