பற்றாசு விட்ட இடம்

பூச்சோங் வட்டாரத்தில் வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே இன்று காணப்படும் ஏரிகளுட் சில, ஒரு காலத்தில் ஈயம் எடுத்த குட்டைகளாகும். அத்தகைய குட்டைகளிலிருந்து கப்பலேறிய வெள்ளீயத்தின் பெரும் பயன்களுள் ஒன்று பற்றாசு. நகையின் இரு துண்டுகளைப் பொருத்தப் பொற்கொல்லர் இடையிற் பெய்யும் உலோகத்துக்கு வழங்கும் இச்சொல், மின்கருவிகளுக்கும் அப்படியே பொருந்துவதாகும். அந்தப் பற்றாசு விட்டுப்போனதால் ஒரு பெரிய நிறுவனம் 115 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்த வரலாறு அறியத்தக்கது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 என்னும் விளையாட்டுப் பெட்டியை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. அதன் முகப்பில் விசைப் பொத்தானைச் சுற்றி நான்கு கால்வட்ட விளக்குகள் உண்டு. நான்கும் சிவந்தால் தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பி கழன்றுள்ளது. இரண்டு சிவந்தால் சூடு மிகுந்துவிட்டது. மூன்று சிவந்தால் உள்ளுறுப்பிற் பழுது. விளக்கை எண்ணாமலே பெட்டியைத் திறப்பவர், நாடி பாராது மருந்து அரைப்பவரை ஒப்பர். அடுத்து மின்வழங்கியை நோக்கவேண்டும். அதன் விளக்கு சிவப்பாயின் முதலில் அதனையே மாற்றிப் பார்ப்பது முறை.

மூன்று சிவப்பு விளக்குகள் வீடுதோறும் எரியத் தொடங்கியபோது, பழுதுபார்ப்போரின் ஐயம் படம் வரையும் சில்லின் மேல் விழுந்தது. அச்சில்லு பலகையோடு சிறு பற்றாசு மணிகளால் இணைந்திருக்கும். அந்நாளில்தான் காரீயத்தின் நஞ்சு கருதி, 2006 ஜூலை முதல் நாள் தொட்டு மின்கருவிகளில் அதனை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியது. காரீயம் கலந்த பழைய பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும், மென்மையானது. வெள்ளியும் செம்பும் சேர்ந்த புதியது ஏறத்தாழ 217 பாகையில் உருகும், விறைப்பு மிக்கது. ஆகவே புதுப் பற்றாசு மணிகளே வெடித்தன என்று பலரும் கொண்டனர். வெப்பக் காற்றை ஊதிச் சில்லைச் சூடாக்கினர், பெட்டி உயிர்பெற்றது. சிலரோ பெட்டியைத் துவாலையாற் போர்த்தி ஓடவிட்டனர். (தீ விபத்துக்கு இதைவிட நல்ல அழைப்பில்லை.) சில நாளில் அதே விளக்குகள் மீண்டும் சிவந்தன.

மருத்துவம் சற்றே பலித்ததால் நோய்க்கணிப்பும் சரியென்று முடிவு கட்டியதுதான் இங்கு நேர்ந்த பிழை. 2021-இல் எக்ஸ்பாக்சின் வரலாறு பற்றி அந்நிறுவனமே வெளியிட்ட ஆவணப்படத்தில் உண்மை சொல்லப்பட்டது. முறிவு சில்லுக்கும் பலகைக்கும் இடையே அன்று. சில்லின் கூட்டுக்கு உள்ளேயே, கண்ணுக்குப் புலப்படாத இணைப்புகளில் நிகழ்ந்தது. சிலிக்கான் துண்டும் அதனைத் தாங்கும் அடித்தட்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பெட்டியை இயக்குந்தோறும் விரிந்தும், நிறுத்துந்தோறும் சுருங்கியும், முன்னும் பின்னும் வளைத்த கம்பி ஒடிவதுபோல் அவ்விணைப்புகள் இற்றன. ஆகவே கெடுத்தது சூடு மட்டுமன்று. சூடேறுதலும் தணிதலும் மாறிமாறி வந்ததே. வெளியிலிருந்து ஊதிய வெப்பம் உள்ளிணைப்பையும் சற்றே தொடச்செய்தது, ஒட்டவைக்கவில்லை.

2007 ஜூலையில் நிறுவனம் இப்பழுதுக்குரிய உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீட்டித்தது. மேற்சொன்ன தொகை அதற்கே ஒதுக்கப்பட்டது. எனினும் பழுதுநீங்கித் திரும்பிய பெட்டிகளுள்ளும் சில மீண்டும் சிவந்தன. அவற்றின் உள்ளே இருந்ததும் அதே வகைச் சில்லுதானே! பின்னர்ச் சிறிய, குறைந்த வெப்பந்தரும் சில்லுகள் வந்தன. 2010-இல் வெளிவந்த மெலிந்த உருவில் கணக்கிடும் சில்லும் படம் வரையும் சில்லும் ஒன்றாக்கப்பட்டன.

பழைய வகைப் பெட்டி ஒன்று இன்று பூச்சோங் பட்டறைக்கு மூன்று சிவப்பு விளக்குகளோடு வருமாயின், குற்றம் அச்சில்லில்தான் எனத் தெளிந்தபின், வெப்பக் காற்று ஊதித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுப்பது வீண். சில்லையே மாற்றவேண்டும். அதற்காகும் கூலி பல வேளை பெட்டியின் விலையையே மிஞ்சும்.