ஆபரேஷனுக்கு முன் குழந்தை எத்தனை மணி நேரம் பட்டினி இருக்கணும்? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘ராத்திரி 12 மணிக்கு மேல பச்சத் தண்ணிகூட குடுக்காதீங்க.’ குழந்தைக்கு அறுவை சிகிச்சை என்றதும் பல பெற்றோர் கேட்கும் முதல் அறிவுரை இதுதான். மறுநாள் காலை 11 மணிக்குத்தான் தியேட்டருக்குள் கூப்பிடுகிறார்கள் என்றால், குழந்தை 11 மணி நேரம் தாகத்தோடு அழுதிருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தேவையில்லை என்கிறது ‘ஈராஸ்’ எனப்படும் விரைவு மீட்பு முறை.

ஈராஸ் என்றால் என்ன?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் நோயாளி ஏன் இத்தனை நாள் படுக்கையில் கிடக்கிறார் என்பதை 1990-களில் ஆராய்ந்தவர் டென்மார்க் மருத்துவர் ஹென்ரிக் கெலெட். நீண்ட பட்டினி, வலி, தேவையில்லாத குழாய்கள், எழுந்து நடக்காதது எல்லாம் சேர்ந்துதான் உடல் தேறுவதைத் தாமதப்படுத்துகின்றன என்பது இதில் தெளிவானது. பெரியவர்களின் குடல் அறுவை சிகிச்சையில் தொடங்கிய இந்த முறை, குழந்தைகள் பக்கம் வர நாளானது. பச்சிளம் குழந்தைகளின் குடல் அறுவை சிகிச்சைக்கான வழிகாட்டுதலை ஈராஸ் சொசைட்டி 2020-ல்தான் வெளியிட்டது.

பட்டினி விதி ஏன் வந்தது?

மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 1946-ல் அமெரிக்க மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், பிரசவ மயக்கத்தில் இப்படி நடந்த 66 பேரைப் பற்றி எழுதினார். அதன்பிறகு பட்டினி கட்டாயமானது. பயம் நியாயமானதுதான். ஆனால் சோறும் தண்ணீரும் ஒரே வேகத்தில் வயிற்றைவிட்டு இறங்குவதில்லை.

இப்போதைய கணக்கு என்ன?

* திட உணவு, மாட்டுப் பால்: 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும்.
* தாய்ப்பால்: 4 மணி நேரம். 2022 ஐரோப்பிய வழிகாட்டுதலில் 3 மணி நேரம்.
* தண்ணீர், சக்கையில்லாத ஜூஸ்: 2 மணி நேரம். 2018-க்குப் பிறகு ஐரோப்பாவில் 1 மணி நேரமே போதும் என்கிறார்கள்.

குடல் அடைப்பு, அவசர ஆபரேஷன் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மயக்க மருந்து டாக்டர் சொல்வதுதான் இறுதி.

ஆபரேஷனுக்குப் பிறகு?

மார்ஃபின் போன்ற மருந்துகள் வலியைக் குறைத்தாலும், குடல் அசைவையும் மூச்சையும் மந்தமாக்கும். அதனால் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் பாராசிட்டமாலும் முன்னுக்கு வருகின்றன. ‘குடல் வேலை செய்யட்டும், அப்புறம் பால் குடுக்கலாம்’ என்ற காத்திருப்பும் குறைகிறது. முடிந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தாய்ப்பாலைத் தொடங்கலாம் என்கிறது 2020 வழிகாட்டுதல்.

ஆம்பூருக்கு இது ஏன் முக்கியம்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் வேலூர்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ இ.எஸ்.ஐ.யோ குழந்தையின் சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை, தொழிலாளிக்கே உடம்பு சரியில்லாதபோதுதான் கிடைக்கும். குழந்தையின் கட்டில் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும் நாட்களுக்குக் கிடையாது. ஆக, ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

அதே சமயம், சீக்கிரம் அனுப்புவது மட்டுமே ஈராஸ் ஆகிவிடாது. குழந்தை சாப்பிட்டு, வலி அடங்கி, சிறுநீர் கழித்த பிறகுதான் கிளம்ப வேண்டும். பேரணாம்பட்டில் ராத்திரி காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு போன் நம்பரும் கையில் இருக்க வேண்டும்.

டாக்டரிடம் என்ன கேட்கலாம்?

* லிஸ்ட்டில் எங்க குழந்தை எத்தனையாவது? கடைசியாக எத்தனை மணிக்குத் தண்ணீர் தரலாம்?
* ஆபரேஷன் தள்ளிப்போனால் மறுபடியும் தண்ணீர் தரலாமா?
* வலிக்கு என்ன மருந்து? பால் எப்போது?
* வீட்டில் வாந்தி, காய்ச்சல், வயிறு உப்பல், காயத்தில் சீழ் தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது?

இவற்றில் எதற்கும் புது மெஷின் வேண்டாம். ஆபரேஷன் நேரத்தை வார்டுக்கு முன்கூட்டியே சொல்வது, தள்ளிப்போனால் உடனே தெரிவிப்பது என்ற ஒழுங்கு இருந்தாலே குழந்தையின் பட்டினி பாதியாகக் குறையும். அதுவரை டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எதையும் கொடுக்க வேண்டாம். ஆனால் கேட்கத் தயங்கவும் வேண்டாம்.