ரீடிங் வரலையா? அங்கேதான் ஆராய்ச்சி ஆரம்பம்!

உண்மையைச் சொல்லுங்க. கெமிஸ்ட்ரி பிராக்டிகல்ல டைட்ரேஷன் பண்றீங்க. பியூரெட் ரீடிங் மூணு தடவையும் மூணு விதமா வருது. என்ன செய்வீங்க? பக்கத்து டேபிள் படிப்ஸ்கிட்ட 'மச்சி, உனக்கு எவ்வளவு?'னு கேட்டு, அதுல ஒரு புள்ளியைக் கூட்டிக் குறைச்சு எழுதிடுவீங்க. ஃபிசிக்ஸ் லேப்ல இன்னும் வசதி. விடை என்ன வரணும்னு சீனியரோட ரெக்கார்டுலேயே இருக்கும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கைத் 'தயாரிச்சு'டலாம்!

தப்பு உங்க மேல மட்டும் இல்லை. சரியான விடைக்குத்தான் இங்கே மார்க். 'ஏன் இப்படி வந்துச்சு?'னு யோசிச்சவனுக்கு மார்க் கிடையாது. ஆனா, பிஎச்.டி.க்குள் காலடி வைக்கிற அன்னிக்கு ஆட்டமே மாறிடுது. அங்கே பார்த்து எழுத ரெக்கார்டு கிடையாது. விடை உங்களுக்கும் தெரியாது, உங்க கைடுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதை ஏன் ஆராயணும்? மாசக்கணக்கா பண்ற சோதனை ஊத்திக்கும். மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கணும். அந்த நேரத்துல பழைய பழக்கத்துல ரீடிங்கைத் 'தயாரிச்சா', அதுக்குப் பேரு மோசடி. வராத ரிசல்ட்டை வரலைன்னு எழுதுற தைரியம்தான் விஞ்ஞானப் பயிற்சியின் முதல் பாடம்.

பர்ஸ் என்ன சொல்லுது?

யு.ஜி.சி.யின் 2022-ம் ஆண்டு விதிப்படி, பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம், பொதுவா அதிகபட்சம் 6 வருஷம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினவங்களுக்கு, 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட கணக்குப்படி முதல் 2 வருஷம் மாசம் 37,000 ரூபாய். பிறகு 42,000 ரூபாய். ஆனா, உதவித்தொகை மொத்தமே 5 வருஷம்தான். ஆய்வு ஆறாவது வருஷத்துக்கு இழுத்தா? அந்த வருஷம் மெஸ் பில் யாரு கட்டறது? இந்தக் கணக்கை முதல் நாளே போட்டு வெச்சுக்கணும். பணம் முதல் தேதியே வந்துடும்னும் நம்ப வேண்டாம். சில மாச பாக்கி சேர்ந்து வர்றது சகஜம்.

ரெண்டு பேர், ரெண்டு முடிவு

'உழைச்சா ஜெயிக்கலாம்'னு சொல்றவங்க காட்டலின் கரிகோவைக் காட்டுவாங்க. நியாயம்தான். ஹங்கேரியில் இருந்து அமெரிக்கா போனவர். எம்.ஆர்.என்.ஏ.வை மருந்தாக்கலாம்னு நம்பினார். நிதி கேட்டுப் போட்ட விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. 1995-ல் பல்கலைக்கழகத்தில் பதவியையே இறக்கினாங்க. விடலை. 2005-ல் ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கண்டுபிடிப்புதான் பின்னாளில் கொரோனா தடுப்பூசிக்கு அடித்தளம். 2023-ல் ரெண்டு பேருக்கும் நோபல்!

ஆனா, டக்ளஸ் பிராஷர் கதையும் தெரியணும். ஜெல்லி மீனில் பச்சையா ஒளிர்ற புரதத்தோட ஜீனைப் பிரிச்செடுத்து, 1992-ல் வெளியிட்டவர் இவர். மேற்கொண்டு நிதி கிடைக்கலை. அந்த ஆராய்ச்சியை விட்டுப் போகும்போது, ஜீனை மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென்னு ரெண்டு விஞ்ஞானிகளுக்குக் கொடுத்துட்டுப் போனார். 2008-ல் இந்தப் புரதத்துக்காக அந்த ரெண்டு பேரும் ஒசாமு ஷிமோமுராவும் நோபல் வாங்கினப்போ, பிராஷர் அலபாமாவில் ஒரு கார் ஷோரூமில் வேன் ஓட்டிக்கிட்டிருந்தார். பிறகு 2012-ல் சியெனின் லேபிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

உழைப்பில் ரெண்டு பேரும் சளைச்சவங்க இல்லை. நிதி, நேரம், கூட நின்ன ஆட்கள்... இதெல்லாமும் சேர்ந்துதான் முடிவை எழுதுச்சு. அதனால, நாளைக்கு உங்க ஆய்வு நின்னு போனா 'நான் லாயக்கில்லை'னு உங்களையே நொந்துக்காதீங்க.

டீக்கடையில் ஒரு இன்டர்வியூ

டாபிக்கைவிட கைடு முக்கியம் பாஸ்! சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப் சீனியர்களை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. கைடு இல்லாத இடத்துல நாலே கேள்வி கேளுங்க. இதுவரை முடிச்சவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு? பாதியில் போனவங்க எத்தனை பேர்? வேலை செஞ்சவர் பேர் ஆய்வுக் கட்டுரையில் முதல்ல வருதா? சோதனை தோத்துப் போச்சுன்னு சொன்னா கைடு திட்டுவாரா, உட்கார்ந்து பேசுவாரா? நாலாவது கேள்விக்கு சீனியர் பதில் சொல்லாம டீயை மட்டும் குடிச்சார்னா... புரிஞ்சுக்கோங்க!

இன்னொரு வழியும் இருக்கு. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கோடைகால ஆய்வுப் பயிற்சி தர்றாங்க. ரெண்டு மாசம் ஒரு நிஜமான லேபில் இருந்து பாருங்க. வேலையைப் பிடிச்சா சேருங்க. பிடிக்கலைன்னா ரெண்டு மாசத்தோட போச்சு, அஞ்சு வருஷம் மிச்சம்!

அதுக்கும் முன்னாடி, அடுத்த வாரமே ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். பிராக்டிகல்ல ரீடிங் தப்பா வந்தா, வந்ததை அப்படியே எழுதுங்க. கீழே ஒரே ஒரு வரி, ஏன் இப்படி வந்திருக்கலாம்னு எழுதுங்க. ரெண்டு மார்க் போகலாம். போகட்டுமே! அந்த ஒரு வரி எழுதும்போது உங்களுக்குக் குஷியா இருந்துச்சுன்னா, நீங்க ஆராய்ச்சிக்கான ஆள்தான்.